ஷார்தேன் மனைவியை வரைந்த பேஸ்டல்: பாசமா, பயிற்சியா?

கரித்துண்டு:
எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதமாக பேஸ்டல் (வண்ணத்தூள் குச்சி) பழகுகிறேன். பழம், பானை எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. முகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. விரலால் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் பவுடர் அப்பிய பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. போன வாரம் இங்கே ஒருவர் "பழைய பிரெஞ்சு ஓவியர் ஷார்டின் வரைந்த முகங்களைப் பார்" என்றார். தேடிப் பார்த்தேன். அதில் ஒன்றை இன்னும் மூடவே மனம் வரவில்லை.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் படம், வருடம் 1775. தன் மனைவியை வரைந்திருக்கிறார். அவருக்கு அப்போது 75 வயது, அந்த அம்மாவுக்கு 68. தலையை இறுக்கி மூடிய வெள்ளைக் குல்லாய், எளிமையான வீட்டு உடுப்பு. பார்வை நம் மேல் இல்லை. பக்கத்தில் யாரோ பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பது போல வேறெங்கோ போகிறது. சின்னப் படம்தான், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை அடிக்குள். பெரிதாக்கிப் பார்த்தால் கன்னத்தில் தேய்த்த இடம் அதிகம் இல்லை. கோடு கோடாக இழுத்திருக்கிறார், அதில் நீலமும் ஒரு மாதிரிப் பச்சையும் கூட இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் சேர்ந்து தோலாகிவிடுகிறது.

எனக்கு இரண்டு சந்தேகம். வாழ்நாள் முழுக்க எண்ணெய் வண்ணத்தில் பாத்திரமும் பழமும் வரைந்தவர் கடைசியில் ஏன் பேஸ்டலுக்கு வந்தார்? அப்புறம், இதை எல்லா இடத்திலும் "பாசம் பொங்கும் ஓவியம்" என்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் படுகிறது. எனக்கு மட்டும்தானா?

புதுவை வாசி:
முதலில் பெயர். அது ஷார்டின் இல்லை, ஷார்தேன். கடைசி எழுத்தை மூக்கால் விழுங்க வேண்டும். எங்கள் ஊரில் பிரெஞ்சு வகுப்பில் பெஞ்சு தேய்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் பேஸ்டல் என்றால், கண். ழான் சிமியோன் ஷார்தேன் 1699-இல் பாரிஸில் ஒரு மரவேலைக்காரருக்குப் பிறந்தவர். 1728-இல் அரச ஓவியக் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவர் கொடுத்த படங்களில் ஒன்று திருக்கை மீன் படம். குடலைக் கிழித்துக் கொக்கியில் மாட்டிய திருக்கை, பக்கத்தில் முதுகைத் தூக்கிச் சீறும் பூனை. அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதன்பின் நாற்பது வருடத்துக்கு மேல் எண்ணெய்தான். அதில் சேரும் ஈய வெள்ளையும் எண்ணெய் நெடியும் கண்ணைக் கெடுத்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். அவரே 1778-இல் அரசரின் கட்டட நிர்வாகிக்கு எழுதிய கடிதத்தில், உடல்நலக் குறைவால் எண்ணெயில் வேலை செய்ய முடியவில்லை, பேஸ்டலுக்குத் திரும்பினேன் என்கிறார்.

1771-இல், அந்தக் கழகம் பாரிஸில் நடத்திய சலோன் கண்காட்சியில் பேஸ்டல் தலைகளோடு வந்து நின்றபோது பாரிஸே கொஞ்சம் திகைத்தது. எழுத்தாளர் திதரோ பார்த்துவிட்டு, அதே உறுதியான கை, இயற்கையைப் பார்த்துப் பழகிய அதே கண் என்ற பொருளில் எழுதினார். எழுபது தாண்டியவருக்கு வேறென்ன வேண்டும்?

சட்டக்கடை:
நான் ஓவியன் இல்லை, படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். தம்பி கேட்ட "கோடு கோடாக" விஷயத்துக்கு என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பேஸ்டல் குச்சி என்பது நிறத்தூளும் வெள்ளைச் சுண்ணாம்பு மண் மாதிரி ஒன்றும், பிடித்து வைக்கக் கொஞ்சம் கோந்தும்தான். கோந்து அதிகமானால் குச்சி காகிதத்தைக் கீறும், குறைந்தால் கையிலேயே உதிரும். அதாவது காகிதத்தின் மேல் இருப்பது வெறும் தூள். அதைப் பிடித்து வைத்திருப்பது காகிதத்தின் சொரசொரப்பு மட்டும். நீங்கள் விரலால் தேய்க்கத் தேய்க்க அந்தச் சொரசொரப்பின் குழிகள் அடைபடும். அடைபட்டபின் அடுத்த நிறம் ஒட்டாது, வழுக்கும். உங்கள் பொம்மை முகத்துக்குக் காரணம் அதுதான். ஷார்தேன் கோடாகப் போட்டுக் கோட்டின் மேல் கோடு விட்டதால் அடியில் இருக்கும் நிறமும் காகிதமும் சேர்ந்து மூச்சு விடுகின்றன.

காகிதம் நீலம். அந்தக் காலத்தில் நீலத் துணிக் கந்தலிலிருந்து செய்த காகிதம் பேஸ்டல்காரர்களுக்குப் பிடித்தமானது. அதை ஒரு துணியில் ஒட்டி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிவிடுவார்கள். வெள்ளைத் தாளில் வரைந்தால் நிழலை நீங்களே உருவாக்க வேண்டும். நீலத்தில் நிழல் ஏற்கெனவே காத்திருக்கும், வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் போதும். தம்பி, நீங்கள் எந்தத் தாளில் போடுகிறீர்கள்?

கரித்துண்டு:
பள்ளிக்கூட டிராயிங் நோட்டுத் தாளில்தான் அண்ணே. வெள்ளை. வழவழ.

சட்டக்கடை:
சரிதான். நோயைக் கண்டுபிடித்தாயிற்று.

வேப்பமரத்தடி:
காகிதம், குச்சி எல்லாம் இருக்கட்டும். இவ்வளவு நேரம் பேசியும் அந்த அம்மாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஃபிரான்ஸுவாஸ் மார்கெரீத் பூழே. 1707-இல் பிறந்தவர். ஷார்தேனைக் கட்டிக்கொண்டபோது 37 வயது விதவை, கையில் சொத்து உள்ளவர். அவருக்கு 45. அவரும் மனைவியை இழந்தவர். கல்யாணம் 1744 நவம்பரில். அடுத்த வருடம் பிறந்த பெண் குழந்தை தங்கவில்லை. முதல் தாரத்து மகன் ழான் பியேரும் ஓவியராக வந்தான், ரோமுக்குப் படிக்கப் போகும் பரிசெல்லாம் வாங்கினான். அவனும் பெற்றவருக்கு முன்பே வெனிஸில் இறந்துபோனான். 1775-இல் இந்தப் படத்துக்கு உட்காரும்போது அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் "குளிர்ச்சி" என்று சொல்ல வாய் வருமா?

கரித்துண்டு:
அக்கா, அது தெரிந்தபின் பார்ப்பது வேறு. படத்தை மட்டும் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் என் கேள்வி. நாம் கதையைப் படித்துவிட்டு அதைக் கன்னத்தில் ஏற்றிப் பார்க்கிறோமோ என்னவோ. அந்த ஆண்டுகளின் சலோன் கண்காட்சிப் பட்டியலில் அவருடைய பேஸ்டல்கள் "தலைப் பயிற்சிகள்" என்றுதான் இருக்கின்றனவாம். "என் மனைவி" என்று எழுதவில்லையே.

வேப்பமரத்தடி:
நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் பெயர் போடாததை வைத்துப் பாசம் இல்லை என்றால் எப்படி? என் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. "இந்தா" என்பார், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
வணக்கம். ஓய்வுபெற்ற கணக்கர். இந்தக் குழுவில் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுத வைத்துவிட்டீர்கள்.

ஷார்தேன் 1755-இல் அரச ஓவியக் கழகத்தின் பொருளாளர் ஆனார். 1774 வரை அந்தப் பொறுப்பு, 19 வருடம். ஓவியர்கள் சங்கத்தில் காசு கணக்கு பார்ப்பது எவ்வளவு தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் அவருக்குப் பெரும் உதவியாக இருந்தது இந்த மனைவிதான் என்று கழகத்தின் செயலாளரும் அவர்களின் நண்பருமான கொஷேன் பதிவு செய்திருக்கிறார். பொறுப்பு அவர் பெயரில், பேரேடு அந்த அம்மாவின் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலோனில் எந்தப் படத்தை எந்தச் சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது என்ற வேலையும் ஷார்தேனிடம் இருந்தது. யார் படம் கண்மட்டத்தில், யார் படம் கூரைக்குப் பக்கத்தில் என்று பங்கு போடுகிறவருக்கு எத்தனை பேரின் வருத்தம் சேர்ந்திருக்கும்!

இப்போது அந்த முகத்தைப் பாருங்கள். நான் 34 வருடம் கணக்கு மேசைக்கு எதிரே பார்த்த முகம் அது. கூட்டல் சரியாக வந்துவிட்டது, ஆனாலும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்கிற முகம். நீங்கள் குளிர்ச்சி என்பதை நான் கவனம் என்பேன்.

புதுவை வாசி:
ஐயா, பிரமாதம். 1757-இல் பதினைந்தாம் லூயி அவர்களுக்கு லூவ்ர் அரண்மனையிலேயே குடியிருப்பு கொடுத்தார். அப்போது அது அருங்காட்சியகம் ஆகவில்லை, ஓவியர்களும் சிற்பிகளும் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். ஆக இந்தப் படம் இன்று எந்தக் கட்டடத்தில் இருக்கிறதோ அதே கட்டடத்தில்தான் அந்த அம்மா குடியிருந்தார், சமைத்தார், கணக்கு எழுதினார். 1839-இல் அருங்காட்சியகம் வாங்கியது. ஒரு விதத்தில் வீடு திரும்பியிருக்கிறார்.

நள்ளிரவு ரயில்:
கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசட்டுமா? பேஸ்டல் என்றால் அந்த நூற்றாண்டில் முதலில் ஞாபகம் வர வேண்டியது பிரெஞ்சு ஓவியர் மொரிஸ் கென்தேன் த லாத்தூர். பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரை வரைந்து அவர் 1755-இல் காட்சிக்கு வைத்த படம் ஆள் உயரம். பட்டு, சரிகை, புத்தகம், காகிதம் எல்லாமே தூளில். அதற்குப் பக்கத்தில் வைத்தால் ஷார்தேன் படம் கிழவரின் பொழுதுபோக்கு. லாத்தூர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, ஆனால் தன் தோழியான பாடகி மரி ஃபெல்லை வரைந்த பேஸ்டலில் எவ்வளவு உயிர் இருக்கிறது! உதடு இப்போதுதான் பாடி நிறுத்தியது போல. ஜெனீவாக்கார ஓவியர் லியோத்தாரை எடுத்துக்கொண்டாலும், மனைவி மரி ஃபார்கைத் துருக்கி உடையில் உட்கார வைத்து ஆசை ஆசையாக வரைந்திருக்கிறார். மனைவி என்றால் அப்படி வரைய வேண்டும். இவர் என்னடா என்றால் குல்லாயை மாட்டி உட்கார வைத்திருக்கிறார்.

வேப்பமரத்தடி:
லியோத்தார் கதை தெரிந்து பேசுகிறீர்களா? அவர் கான்ஸ்டான்டினோபிளில் சில வருடம் இருந்துவிட்டு வந்து, நீளத் தாடியும் துருக்கி உடையுமாக ஐரோப்பா முழுக்க வலம் வந்தவர். 1756-இல் ஆம்ஸ்டர்டாமில் கல்யாணம் நடந்தபோது தாடியை எடுத்துவிட்டார். அதன்பின் துருக்கி உடையை மனைவிக்கு மாட்டினார்! படம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதில் இருப்பது அவருடைய ஆசைதான். மரி என்ன நினைத்தார் என்று அந்தப் படத்தில் எங்காவது தெரிகிறதா? பூழே அம்மாளுக்கு அலமாரியில் இருந்து வேஷம் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் எப்படி இருந்தாரோ அப்படியே.

நள்ளிரவு ரயில்:
வேஷம் போடாவிட்டால் அன்பு என்றாகிவிடுமா? செப்புப் பாத்திரத்துக்கும் அவர் வேஷம் போட்டதில்லை.

வேப்பமரத்தடி:
அட, நீங்களே விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கரித்துண்டு:
இந்த இடத்தில்தான் நானும் மாட்டிக்கொண்டேன். அவருடைய செப்புப் பாத்திரத்தைப் பார்த்தால் அந்த மனிதர் அதை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார் என்பது தெரிகிறது. வேகமாக வரைகிறவர் இல்லை என்று அவர் காலத்திலேயே பேச்சு. அதே பார்வையை மனைவி மேல் திருப்பியிருக்கிறார். கெஞ்சலும் இல்லை, அழகுபடுத்தலும் இல்லை. கண்ணுக்குக் கீழே தொங்கும் தோல், உள்ளே போன உதடு, எதையும் விடவில்லை. என் மனைவியை இப்படி வரைந்தால் இரவுச் சாப்பாடு கிடைக்காது.

சட்டக்கடை:
ரயில் தம்பிக்கு ஒன்று. லாத்தூர் படத்தில் ஆயிரம் குறும்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் நிறங்களைக் கலந்து பூசி முகத்தில் கொண்டுவரும் அந்தச் சிரிப்பு ஒரு நொடி. ஷார்தேன் கோடுகளைத் தனித்தனியாக விட்டதால் அந்த முகம் கூடிவர உங்கள் கண்ணும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பின்னாளில் வந்த பிரெஞ்சு ஓவியர் செஸான் இந்தக் கிழவரைக் கூர்ந்து பார்த்தவர். மூக்குக்கண்ணாடியும் நெற்றியில் கண்மறைப்புமாக ஷார்தேன் தன்னையே வரைந்துகொண்ட பேஸ்டலைப் பற்றி 1904-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இவர் பலே கெட்டிக்காரர், மூக்குத்தண்டின் மேல் ஒரு வெளிச்சத் தளத்தை ஓட விட்டு நிற அளவுகளை எப்படிக் கண்ணுக்குத் தெளிவாக்குகிறார் பார் என்ற ரீதியில். கிழவரின் பொழுதுபோக்கைச் செஸான் ஏன் உட்கார்ந்து ஆராய வேண்டும்?

புதுவை வாசி:
அந்தக் கண்மறைப்பு படமும் அதே 1775-தான். தொப்பியின் முன்விளிம்பை மட்டும் வெட்டி நெற்றியில் கட்டியது போல இருக்கும், வெளிச்சம் கண்ணில் அடிக்காமலிருக்க. தன்னையும் மனைவியையும் ஒரே வருடத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் வரைந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் நேராக நம்மைப் பார்க்கிறார். கண்ணாடியைப் பார்த்துத்தானே வரைய முடியும், வேறு வழியில்லை. அந்த அம்மா மட்டும் நம்மைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. அடுத்த வருடமே, 1776-இல், அந்த அம்மாவை மறுபடி வரைந்தார். அது இப்போது சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில், நீலக் காகிதத்தில். கண்மறைப்புப் படத்தின் இன்னொரு பிரதியும் அங்கேதான் இருக்கிறது. ஒரே ஆளை ஒரே கோணத்தில் எதற்கு இரண்டாம் முறை?

நள்ளிரவு ரயில்:
விற்பனைக்கு?

கணக்குப்பிள்ளை:
68 வயது மனைவியின் முகத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் தம்பி? பிரதி எடுப்பது அவருக்குப் பழக்கம்தான், நன்றாகப் போன சமையலறைப் படங்களை இரண்டு மூன்று முறை வரைந்திருக்கிறார். ஆனால் அவற்றுக்கு வாங்குபவர்கள் இருந்தார்கள். இது பேரேட்டில் வரவு வைக்க முடியாத வேலை.

வேப்பமரத்தடி:
இரண்டையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கண்ணுக்கு சிகாகோ படத்தில் கோடுகள் இன்னும் துணிச்சலாக இருக்கின்றன. முதல் படத்தில் கொஞ்சம் மரியாதையோடு தொட்டவர் இரண்டாவதில் உரிமையோடு தொட்டிருக்கிறார். கண் மங்கியதாலும் இருக்கலாம், வேண்டியே செய்ததாகவும் இருக்கலாம். எனக்கு லூவ்ர் படம்தான் பிடித்திருக்கிறது, அந்தக் குல்லாயின் நிழலுக்காகவே.

முதல் மனைவி மார்கெரீத் சென்தாரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம். கிளாஸ்கோவில் இருக்கும் "தேநீர் அருந்தும் பெண்" என்ற 1735 எண்ணெய் ஓவியத்தில் இருப்பவர் அவர்தான் என்று நம்பப்படுகிறது. சிவப்பு மேசை, கோப்பையிலிருந்து எழும் ஆவி. அதே வருடம் ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். அந்தப் படத்திலும் அவள் நம்மைப் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்க்கிறாள். இந்த மனிதர் பெண்களை நம் பக்கம் பார்க்க வைக்கவே மாட்டார் போல. கரித்துண்டு தம்பி, உங்கள் "குளிர்ச்சி" இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அவர்கள் நமக்காக உட்காரவில்லை.

நள்ளிரவு ரயில்:
அதை வேண்டுமானால் ஏற்றுக்கொள்கிறேன். மரி ஃபெல் விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.

ஈரக்காற்று:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். லூவ்ருக்குப் போனால் இந்தப் படத்தைப் பார்க்க முடியுமா? அடுத்த வருடம் போகும் வாய்ப்பு இருக்கிறது.

சட்டக்கடை:
உறுதியாக எதிர்பார்த்துப் போகாதீர்கள், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பேஸ்டல்களை வெளிச்சம் குறைத்த அறையில்தான் வைப்பார்கள். பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான், கண் பழகவே ஒரு நிமிடம் ஆகும். சில காலம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வுக்கு எடுத்துப் போய்விடுவதும் உண்டு. எண்ணெய் இல்லாததால் பேஸ்டல் மஞ்சளிக்காது, வெடிக்காது. ஆனால் வெளிச்சத்தில் சில சிவப்புகள் வெளிறிப்போகும், நீலக் காகிதமும் பழுப்பேறும். ஊர் விட்டு ஊர் அனுப்புவதும் அரிது, லாரியின் அதிர்விலேயே தூள் உதிரும். மேலே ஏதாவது அடித்து ஒட்ட வைக்கலாமே என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே பலர் முயன்றார்கள். ஒட்டத்தான் செய்யும், ஆனால் தூளின் அந்த மெல்லிய ஒளி போய் நிறம் ஒரு படி இருண்டுவிடும்.

நம் ஊரில் இன்னொரு எதிரி ஈரப்பதம். என் கடைக்கு ஒருவர் தன் தாத்தா முகத்தைப் பேஸ்டலில் வரைந்து சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்தார், போட்டது வேறு கடை. கண்ணாடி நேராகத் தாளில் ஒட்டியிருந்தது. தாத்தாவின் கன்னம் முழுக்கப் பூஞ்சை, பாதி மீசை கண்ணாடிக்கு இடம்பெயர்ந்திருந்தது. நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடாமல் பேஸ்டலுக்குக் கண்ணாடி போடாதீர்கள். யார் போட்டாலும் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஷார்தேன் கடைசி வரை வரைந்தார். 1779 சலோனில் அவர் வைத்த ஒரு பையனின் பேஸ்டல், அப்போதைய அரசர் பதினாறாம் லூயியின் அத்தை மதாம் விக்துவாருக்குப் பிடித்துப்போய், விலைக்குப் பதிலாகத் தங்கப் பொடிடப்பி ஒன்றைக் கொடுத்தாராம். அந்த டிசம்பரில் ஷார்தேன் இறந்தார். அந்த அம்மா 1791 வரை இருந்தார். பிரெஞ்சுப் புரட்சி வந்து, பாஸ்டில் கோட்டை இடிந்து, அரசர் குடும்பம் பாரிஸுக்கு இழுத்து வரப்பட்டது வரை எல்லாம் அவர் கண் முன்னால். வரைந்த கை போனபின் அந்த முகம் பதினோரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

கரித்துண்டு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சட்டக்கடை அண்ணன் சொன்னபடி சாம்பல்நீலச் சொரசொரத் தாள் வாங்கினேன். அம்மாவைச் சன்னலோரம் உட்கார வைத்தேன். பத்து நிமிடத்துக்குச் சிரித்த முகமாகவே இருந்தார், ஒன்றும் வரவில்லை. அப்புறம் முருங்கைக் கீரைக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். ஆய ஆரம்பித்ததும் என்னை மறந்துவிட்டார். அப்போதுதான் முகம் வந்தது. விரல் வைக்கவே இல்லை, கோடு மட்டும்தான். தாடைக்குக் கீழே கொஞ்சம் பச்சை போட்டேன். முடித்ததும் பார்த்துவிட்டு, "கீரைச் சாறு என் கழுத்துல எப்படிடா பட்டுச்சு?" என்கிறார்.

படத்தை இங்கே ஏற்ற அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை.

சட்டக்கடை:
ஏற்ற வேண்டாம். இடைவெளி அட்டை வைத்துச் சட்டம் போடு. மூக்குத்தண்டில் வெளிச்சம் விட்டாயா?

கரித்துண்டு:
விட்டேன் அண்ணே. கொஞ்சம் அதிகமாகிவிட்டது.